பட்டம் செல்லும், பாதி செல்லாதா?

சேலம், நாமக்கல் பக்கத்தில் ‘கரஸ்’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. “என்னம்மா படிக்கிற?” என்று கேட்டால் “கரஸ்ல பி.காம்.ங்க, ரெண்டாவது வருசம்” என்று பதில் வரும். கரஸ்பாண்டன்ஸ் என்ற நீண்ட சொல் தேய்ந்து நின்ற இடம் அது. பேச்சில் தேய்ந்தது போலவே மதிப்பிலும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. “ரெகுலரா, கரஸா?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் கம்பெனி மேனேஜர் கேட்டாலும் குரல் ஒன்றுபோலவே இருக்கும்.

சட்டத்தின் குரல் வேறு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிமுறைகளின் 22ஆம் விதியைப் பார்க்கலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த வழிகளில் தரும் பட்டமும் நேரடி வகுப்பில் படித்துப் பெறும் பட்டமும் சமம் என்கிறது அது. 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவே மீண்டும் சொன்னது. ஆக, முழுப் பட்டத்தைப் பற்றி வழக்கு முடிந்துவிட்டது. பாதிப் பட்டத்தைப் பற்றிய வழக்குதான் இன்னும் முடியவில்லை.

ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை, கரஸில் பி.காம். சேர்ந்தார். இரண்டாண்டுத் தாள்களையும் அரியர் இல்லாமல் முடித்தார். தம்பி வேலைக்குப் போனதும் வீட்டு நிலை மாறியது. கடைசி ஓராண்டாவது கல்லூரியில் உட்கார்ந்து படிக்கலாம், வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகளையும் பார்க்கலாம் என்று நினைக்கிறார். கல்லூரி அலுவலக ஜன்னலில் அவருக்குக் கிடைக்கக்கூடிய பதில், “மொத வருசத்துல இருந்து சேந்துக்கம்மா” என்பதுதான். அவரே இன்னும் ஓராண்டு பொறுத்துக் கரஸிலேயே பட்டத்தை முடித்துவிட்டு வந்தால், எம்.காம். விண்ணப்பத்தை அதே ஜன்னலில் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாண்டும் சேர்ந்து வந்தால் செல்லும்; முதல் இரண்டாண்டு மட்டும் தனியே வந்தால் செல்லாது. முழுக் கரும்பு இனிக்கும், முறித்த துண்டு இனிக்காது என்பது போன்ற கணக்கு இது.

இந்தக் கணக்கு சரிதானா? அஞ்சல்வழியில் ஈட்டிய கிரெடிட்டை நேரடிப் படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாமா?

தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகம்

அஞ்சல்வழிப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வால் என்றே நாம் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. பாடத்திட்டம் வகுத்து, வினாத்தாள் கொடுத்து, விடைத்தாள் திருத்திப் பட்டம் வழங்குவதே தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் வேலை. மறு ஆண்டே, 1858இல், அந்த லண்டன் பல்கலைக்கழகம் எந்தக் கல்லூரியிலும் சேராதவர்கூடத் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

சேலத்துக் கல்லூரிகள் 1997 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காமலே இங்குள்ளவர்கள் அதன் பட்டதாரிகள் ஆனார்கள். அவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே போய்வந்தது விடைத்தாளும் மதிப்பெண் பட்டியலும்தான். சேலத்தை அடுத்த கருப்பூரில் 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் அந்தத் தூரம் குறைந்தது. அந்தப் பல்கலைக்கழகமும் பின்னர் ‘பிரைடு’ என்று மக்கள் அழைத்த தொலைநிலைக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது.

அதற்குள் அஞ்சல்வழிக் கல்வி நாட்டில் நன்றாக வேர்விட்டிருந்தது. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. 1964–66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உயர்கல்வி மாணவரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாலைக் கல்லூரி, அஞ்சல்வழி போன்ற வழிகளில் இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கின. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது.

சேலம், நாமக்கல் பக்கத்துக்கு அஞ்சல்வழிக் கல்வி பொருந்திப்போனதற்குக் காரணம் இங்குள்ள தொழில்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று கிளம்பினால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். நாமக்கல்லில் லாரித் தொழில், கோழிப்பண்ணை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறி. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை. இவற்றில் எதற்கும் காலை பத்து மணி வகுப்புக்காக நிற்கும் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காண்டாக்ட் வகுப்புதான் இவர்கள் பார்க்கும் கல்லூரி. பள்ளிக்கூடப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அப்பா வயதுக்காரரும் மகன் வயதுக்காரரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். மேசைமேல் கவிழ்த்துவைத்த செல்போன் அதிர்ந்தால், “லோடு வந்துருச்சாம்” என்று ஒருவர் எழுந்து போவார்.

எதிர்த்திசைப் போக்குவரத்தையும் மறந்துவிடக் கூடாது. கரஸிலிருந்து கல்லூரிக்கு வர விரும்புகிறவர்களைப் போலவே கல்லூரியிலிருந்து கரஸுக்குத் தள்ளப்படுகிறவர்களும் உண்டு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் மகன் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறான். திருமணம் முடிந்து பெண் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். கிரெடிட் மாற்றம் என்ற ஏற்பாடு இருந்தால் இவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லையென்றால் முதலாண்டுக் கட்டணத்தை இரண்டாம் முறை கட்ட வேண்டும். பலர் கட்டாமலே விட்டுவிடுவார்கள்.

ஒரு கிரெடிட்டின் எடை

கிரெடிட் என்பது மதிப்பெண் அன்று, உழைப்பின் அளவை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) நெடுநாளாக ஒரு கிரெடிட்டை 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கிடுகிறது. பாடநூல் வாசிப்பது, ஒப்படைப்பு எழுதுவது, காண்டாக்ட் வகுப்பு எல்லாம் அதில் அடக்கம். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பும் இதே 30 மணியைத்தான் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 1,200 மணி, 40 கிரெடிட். ஆக, நான்கு கிரெடிட் தாள் என்றால் 120 மணி நேர உழைப்பு. கல்லூரி மாணவர் வாரம் ஐந்து மணி வீதம் பதினைந்து வாரம் வகுப்பில் இருந்தால் 75 மணி. மீதி 45 மணி அவர் தாமாகப் படிக்க வேண்டியது. கரஸ் மாணவருக்கு வகுப்பு சில மணி நேரம், மீதியெல்லாம் தாமாக. பங்குபிரிப்பு வேறுபடுகிறது, மொத்தம் ஒன்றுதான். அந்தத் தனி உழைப்பை இருவரும் உண்மையிலேயே செய்தார்களா என்பதைத் தேர்வு மட்டுமே சொல்லும்.

இரண்டு மதிப்பெண் பட்டியல்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பொதுவாக 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும், நான்கு திறன் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி முதலியவை, ஐந்து என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. பி.காம். நிதிநிலைக் கணக்கியலை எடுத்துக்கொண்டால் இரு பக்கமும் பாடம் ஒன்றே. கல்லூரிப் பையன் கையில் வைத்திருக்கும் அதே ரெட்டி–மூர்த்தி புத்தகத்தைத்தான் கரஸ் மாணவரும் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்குகிறார். தேய்மானக் கணக்கு கல்லூரியில் ஒரு மாதிரி, தபாலில் ஒரு மாதிரி வராது.

தாளின் வடிவில் மட்டும் வேறுபாடு உண்டு. தொலைநிலைப் படிப்புகள் பலவற்றில் நீண்ட காலம் ஆண்டுத் தேர்வுதான். மாணவர் பேச்சில் ‘நான்-செமஸ்டர்’. கல்லூரியில் இரண்டு பருவத்தில் இரண்டு தாளாக இருப்பது இங்கே ஒரே தாளாக இருக்கும். பட்டியலில் கிரெடிட் என்ற கட்டமே இருக்காது. கல்லூரியில் பொதுவாக அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. தொலைநிலையில் 2020 விதிமுறைப்படி தொடர் மதிப்பீடு அதிகபட்சம் 30 விழுக்காடு, இறுதித் தேர்வு குறைந்தது 70. என்.எஸ்.எஸ். முகாமுக்குத் தபாலில் வழியில்லை. பாடம் படித்த ஓர் ஆசிரியர் ஒரு மதிய நேரம் உட்கார்ந்தால் பிரித்துச் சேர்த்துவிடக்கூடிய வேறுபாடுகள் இவை. அலுவலக ஜன்னலில் அந்த ஆசிரியர் இருப்பதில்லை. அங்கே உள்ள எழுத்தர் பட்டியலின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு

எழுத்தரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தொலைநிலைக் கல்வி தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்ட கதைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சேலத்தையே தொடுகிறது.

ஒடிசாவில் ஒரு பாசனக் கழகத்தில் பதவி உயர்வு குறித்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொலைநிலையில் படித்துப் பெற்ற பொறியியல் பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லுமா என்பது கேள்வி. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் அதில் பரிசீலனைக்கு வந்தன. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட விநாயகா மிஷன் நிறுவனம் அவற்றில் ஒன்று. 2017 நவம்பர் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உரிய முன் அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கியது தவறு என்றது நீதிமன்றம். 2005க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு வேறு வழி சொல்லப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடத்தும். தேறினால் பட்டம் நிற்கும்.

இத்தீர்ப்பை ‘தபால் படிப்பு செல்லாது’ என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் அதன் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். வழி தவறு என்று சொன்ன அதே நீதிமன்றம், அந்த வழியில் வந்தவர் கற்றாரா இல்லையா என்பதை மறுதேர்வு வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் ஏற்றது. செய்முறையையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னது. கிரெடிட் மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கு 2009இல் முடிந்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வழக்கில் மேல்முறையீட்டாளர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 107ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்று முறையாக ஏறி வந்தவர்களின் பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்றாயிற்று. படியைத் தாண்டிக் குதித்தவர்கள் கீழே விழுந்தார்கள். கிரெடிட் எத்தனை என்பதோடு எந்த வரிசையில் ஈட்டியது என்பதும் முக்கியம் என்பதே இதில் உள்ள பாடம்.

நம் பள்ளிபாளையத்துப் பெண்ணின் கதை இந்த இரண்டிலும் சேராது. அவர் படி எதையும் தாண்டவில்லை. 2020 விதிமுறைகள் பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை முதலிய படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தவே தடை போட்டுவிட்டன. பட்டறையோ நோயாளியோ வயலோ வேண்டாத படிப்புகளே பெரும்பாலும் மிச்சம்.

ஏற்கெனவே திறந்திருக்கும் கதவுகள்

வேறிடத்தில் படித்ததை ஏற்பது நமக்குப் புதிதும் அன்று. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறார். டிப்ளமோவின் பாடத்திட்டம் வேறு, தேர்வு நடத்துகிறவர்கள் வேறு. ஆனாலும் ஓராண்டு முழுவதும் கழித்துத் தருகிறோம். யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை.

ஒன்றிய அரசின் ‘ஸ்வயம்’ இணையதளப் பாடங்களின் கதை இதைவிட வேடிக்கை. அவற்றின் கிரெடிட்டை 20 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று 2016இல் விதி வந்தது. 2021இல் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை என்று அது உயர்ந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியரின் காணொலியைச் செல்போனில் பார்த்துப் படித்துத் தேர்வு மையத்துக்குப் போய் எழுதினால் கிரெடிட் உண்டு. அச்சிட்ட பாடநூலைப் படித்துத் தேர்வு மையத்துக்குப் போய் எழுதினால் இல்லை. பாடம் வீட்டுக்கு வந்தது கம்பியில்லா வழியிலா, தபால்காரர் பையிலா என்பதைத் தவிர இரண்டுக்கும் கற்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

2021 ஜூலையில் யுஜிசி ‘கிரெடிட் வங்கி’க்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் வெவ்வேறு நிறுவனங்களில் ஈட்டும் கிரெடிட்டை அதில் சேமிக்கலாம். ஏழு ஆண்டுகள் வரை செல்லும். ஆனால் பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட் ஈட்டியிருக்க வேண்டும். 2022 ஏப்ரலில், ஒரே நேரத்தில் கல்லூரியில் ஒரு பட்டமும் தொலைநிலையில் இன்னொரு பட்டமும் படிக்கலாம் என்றும் அனுமதி வந்தது. இரண்டு குதிரையில் ஒரே நேரத்தில் சவாரி செய்யலாம். ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுவதற்குத்தான் ஆயிரம் கேள்வி.

கிரெடிட் வங்கிக்குப் பின்னால் இருக்கும் ஒன்றிய அரசின் புதிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு எதிர்க்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வெளியேறலாம் என்ற ஏற்பாடு ஏழைப் பிள்ளைகளின் இடைநிற்றலுக்குச் சான்றிதழ் கொடுப்பதாக முடியும் என்பது அந்த எதிர்ப்பின் ஒரு பகுதி; அதில் பொருள் உண்டு. ஆனால் கிரெடிட் மாற்றம் வெளியேறும் கதவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டவர் உள்ளே வருவதற்கும் அதுவே கதவு. அந்தப் பக்கத்தை மட்டும் திறந்துவைக்க எந்தக் கொள்கையோடும் சண்டை போட வேண்டியதில்லை.

சொல்லப்படாத தயக்கங்கள்

வெளியே சொல்லும் காரணம் தரம். சொல்லாத காரணங்கள் இரண்டு. முதலாவது பணம். இணைப்புக் கல்லூரியில் சேரும் மாணவரின் கட்டணத்தில் பெரும்பகுதி கல்லூரிக்குப் போகிறது. தொலைநிலை மாணவரின் கட்டணம் நேரே பல்கலைக்கழகக் கருவூலத்துக்கு வருகிறது. அம்மாணவர் பாதியில் கல்லூரிக்கு மாறினால் பல்கலைக்கழகத்துக்கு வருவாய் இழப்பு. அவர் மீண்டும் முதலாண்டிலிருந்து சேர்ந்தால் யாருக்கும் இழப்பில்லை, அவரைத் தவிர.

இரண்டாவது, பல்கலைக்கழகம் தன் தேர்வையே நம்பாதது. இதைத்தான் நேர்மையாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லை தாண்டி வெளிமாநிலங்களில் படிப்பு மையங்கள் திறந்த காலத்தில் தேர்வுக் கூடத்தின் மீது யாருக்குக் கட்டுப்பாடு இருந்தது என்ற கேள்வி எழுந்தது. பல்கலைக்கழகங்கள் தம் எல்லைக்குள்தான் தொலைநிலைக் கல்வி நடத்தலாம் என்று யுஜிசி பின்னர் இறுக்கியதன் பின்னணி அதுவே. தன் தொலைநிலைத் தேர்வில் நம்பிக்கை இல்லையென்றால் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தையே தரக் கூடாது. நம்பிக்கை இருந்தால் அதன் பாதியையும் ஏற்க வேண்டும். பட்டத்தை விற்கும்போது நம்பிக்கை, கிரெடிட்டை எண்ணும்போது சந்தேகம் என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

என்ன செய்யலாம்

ஐரோப்பிய நாடுகள் 1997இல் லிஸ்பனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வேறிடத்துக் கல்வித் தகுதியை ஏற்க மறுக்கும் நிறுவனம், தன் படிப்புக்கும் அதற்கும் கணிசமான வேறுபாடு இருப்பதைத் தானே நிறுவ வேண்டும் என்பது அதன் சாரம். மெய்ப்பிக்கும் சுமை மாணவர் தோளிலிருந்து நிறுவனத்தின் தோளுக்கு மாறுகிறது. நமக்கும் வேண்டியது இந்தத் தோள்மாற்றம்தான்.

ஒரே பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவிலிருந்து அதன் இணைப்புக் கல்லூரிக்கு வருகிறவருக்குப் பாடத்திட்டம் பொருந்தினால் கிரெடிட் தானாகவே சேர வேண்டும். பட்டத்தில் கையெழுத்திடுவது ஒரே துணைவேந்தர். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால், அவர் சேர்ந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி இருந்ததா என்று பார்த்துவிட்டு, தாள் தாளாக ஒப்பிட வேண்டும். ஒப்பிடுகிறவர் அந்தப் பாடத்தின் ஆசிரியராக இருக்க வேண்டும். முக்கால் பங்கு பொருந்தினால் ஏற்கலாம். ஐயம் இருந்தால் அந்தத் தாளுக்கு மட்டும் மறுதேர்வு வைக்கலாம். உச்ச நீதிமன்றமே காட்டிய வழி அது. ஆய்வகம் வேண்டிய தாளை, ஆய்வகத்தில் செய்ததற்குச் சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது. இதில் இரக்கம் பார்த்தால் நாளைக்கு எல்லாத் தாளின் மதிப்பும் போகும். பாதி கிரெடிட், ஏழாண்டு என்ற கிரெடிட் வங்கியின் வரம்புகள் இங்கும் பொருந்தும்.

பாதிதான் வரம்பு என்பதால் நம் பெண் ஒரேயடியாக மூன்றாம் ஆண்டில் உட்கார முடியாது. மூன்றாம் பருவத்தை முடித்தவராக எண்ணப்பட்டு, நான்காம் பருவத்தில் சேர்வார். விடுபட்ட பகுதி நான்கும் ஐந்தும் கூடுதலாகச் செய்வார். இரண்டாண்டு இழப்பு அரை ஆண்டாகக் குறையும். கல்லூரி தன் பெயரில் தரும் பட்டத்தில் பாதியைத் தானே கற்பித்திருக்கும். இரு பக்கத்துக்கும் நியாயமான பேரம் இது. கல்லூரியிலிருந்து கரஸுக்குப் போகிறவருக்கும் இதே கணக்கு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மறுப்பு எழுத்தில் வர வேண்டும். எந்தத் தாள், எந்த அலகு பொருந்தவில்லை என்று ஒரு மாதத்துக்குள் காகிதத்தில் சொல்ல வேண்டும். ஜன்னலில் வாயால் சொல்வதை எதிர்த்து யாரிடமும் முறையிட முடியாது. காகிதத்தை முறையீட்டோடு இணைக்கலாம். காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தாலே பாதி மறுப்புகள் நின்றுவிடும்.

அந்தப் பெண் தினமும் நூல் கட்டுக்கு வந்த பில்லையும் தறிக்காரருக்குக் கொடுத்த கூலியையும் பற்று, வரவு என்று பிரித்து எழுதுகிறார். வந்த வரவைப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டுவிட்டால் இருப்பாய்வில் எங்கோ இடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாண்டுப் படிப்பு அவர் கணக்கில் வந்திருக்கிறது. எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கணக்குப்பதிவியலில் இதற்கு விடு பிழை என்று பெயர். பிளஸ் ஒன்னிலேயே படித்திருப்பார்.